கொங்கு நாட்டில் ஆறு யானைகள்

“டீச்சர், நான் விதிப்படிதான் ஆடினேன்” என்றார் கோமதிநாயகம். “ஆனா சகாயம் இப்போ பஸ்ல வாரான்.”

பொற்கொடி டீச்சர் மர யானைகளை எண்ணிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும் வரை நிமிரவில்லை.

“பஸ்ல வந்தா என்ன அண்ணாச்சி?”

“ஒம்பது வருஷமா என் ஸ்கூட்டர்லதான் வந்தான். சாத்தூர்ல ஏறினா இங்க வந்து இறங்குற வரைக்கும் வாய் மூட மாட்டான். ஏறுறதுக்கு முன்னாடி ‘வண்டியில பெட்ரோல் இருக்கா’ன்னு கேப்பான். ஒரே ஒரு தடவை பாதி வழியில நின்னுபோச்சு. அதுலேருந்து ஒரு வாரம் விடாம கேட்டான். எனக்கு எரிச்சலா வரும்.”

“இப்போ?”

“இப்போ கேக்க ஆளில்ல.”

டீச்சர் பெட்டியை மூடினார்.

எங்கள் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகம். ஞாயிறு மதியம் அதன் பைண்டிங் கூடத்தில் எந்திரங்கள் ஓய்ந்திருக்கும். பசை வாசம் மட்டும் ஓயாது. காகிதக் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாங்கள் ஆறு பேர் அங்கே ‘பெருவழி’ ஆடுவோம்.

காலண்டர் அட்டையில் அச்சடித்த பலகை. அதில் பழைய தமிழ்நாடு. சேரம், சோழம், பாண்டியம், நடுவில் கொங்கு, ஓரங்களில் தொண்டையும் நாஞ்சிலும். ஆளுக்கு ஒரு நாடு, ஆளுக்குக் கொஞ்சம் யானையும் குதிரையும்.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும் விதிப் புத்தகம் எழுதியவரும் பொற்கொடிதான். வயது முப்பத்தாறு. பைண்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. தப்பான காயை நகர்த்தினால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். பெஞ்சு மேல் ஏறி நிற்கலாமா என்று நமக்கே தோன்றும். அதனால் டீச்சர்.

அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் யானை எது குதிரை எது என்று அவருக்குத் தெரியாது. அவரே சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவர் ஆட மாட்டார். நடுவராக உட்காருவார். மூன்றாம் விதி, அடுத்தவர் காயைத் தொட்டால் ஒரு சுற்று போச்சு. ஒருமுறை அச்சகத்து முதலாளி வேடிக்கை பார்க்க வந்தவர், ஆசையாக ஒரு குதிரையைத் தூக்கிப் பார்த்தார். முதலாளிக்கு நாடே கிடையாது. இருந்தும் ஒரு சுற்று முடியும் வரை வாசலில் நிற்க வைத்தார் டீச்சர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு வராது.

கோமதிநாயகத்துக்கு அறுபத்திரண்டு வயது. கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விதிப் புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். ‘நான் டீச்சரோட சீடன்’ என்று ஊரெல்லாம் சொல்வார். பேரன் எடுத்தவர் இப்படிச் சொன்னால் டீச்சருக்குக் கூச்சமாக இருக்கும்.

சகாயம் அவருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர். ரயில்வேயில் இருந்தவர்.

இனி அந்த விதி.

பதினான்கு: ‘வழிச்சீட்டு உள்ள படை மட்டுமே அயல்நாட்டில் அடி எடுத்து வைக்கலாம். சீட்டைக் கொடுத்தவர் எந்தச் சுற்றிலும் அதைத் திரும்பப் பெறலாம்.’

வழிச்சீட்டு என்பது மஞ்சள் அட்டை. சேர நாட்டுப் படை சோழ நாட்டுக்குப் போக வேண்டும் என்றால் கொங்கைக் கடக்க வேண்டும். கொங்கை ஆடுகிறவரிடம் கெஞ்சியோ கொஞ்சியோ மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். மூன்று சுற்றுக்குள் ஏதாவது ஒரு நெற்களஞ்சியத்தைத் தொட்டுவிட வேண்டும். தொடாத படை பட்டினியில் போய்விடும், பலகையிலிருந்து எடுத்துவிடுவோம்.

பதினோரு வருஷம் இதை வைத்து நிம்மதியாக ஆடினோம். சீட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால், “முதல்ல நீ தாண்டிப் போய்யா, அப்புறம் வாங்கிக்கிடுதேன்” என்போம். அப்படிச் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை. இல்லை என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பங்குனியில் ஒரு ஞாயிறு. சகாயத்துக்குச் சேரம் விழுந்தது. கோமதிநாயகத்துக்குக் கொங்கு. சகாயத்தின் ஆறு யானைகள் உறையூரைப் பார்த்துக் கிளம்பின. சீட்டு கேட்டார். கோமதிநாயகம் கொடுத்தார். யானைகள் கொங்கின் நட்ட நடுவுக்கு வந்தன. சுற்றிலும் களஞ்சியம் இல்லாத பொட்டல்.

கோமதிநாயகம் கையை நீட்டி மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டார்.

“என்னப்பா நாயகம், விடமாட்டியா?” என்றார் சகாயம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

கோமதிநாயகம் புத்தகத்தைப் பிரித்தார். தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் வாசித்த குரல். பதினான்காம் விதியைத் தலைப்பிலிருந்து முற்றுப்புள்ளி வரை வாசித்தார்.

சீட்டு இல்லாத படை அடி எடுத்து வைக்கக் கூடாது. முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. ஆறு யானையும் நின்ற இடத்தில் நின்றன. மூன்று சுற்று ஆனது. டீச்சரே அவற்றை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். விதி அது.

அன்றைக்கு கோமதிநாயகம் ஜெயித்தார். சகாயம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் பஸ்ல போறேன்” என்றார்.

இப்போது பெட்டியை மூடிய டீச்சரிடம் வருவோம்.

“நான் செஞ்சது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் கோமதிநாயகம்.

“சரி.”

கோமதிநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது. தப்பு என்று சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார்.

“அப்ப புத்தகத்துலதான் ஓட்டை.”

“ஆமா.”

“ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க விழுந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சது.”

“விழுந்தது சகாயத்தோட யானைங்க.”

டீச்சர் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். எதுவும் அச்சடிக்காத பக்கம். ஒரு பென்சிலை அதன் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

“அடைங்க.”

அடுத்த ஞாயிறு கோமதிநாயகம் சீக்கிரமே வந்தார். எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

‘சீட்டு திரும்பப் பெறப்பட்டால், படை வெளியேற மூன்று சுற்று அவகாசம் உண்டு.’

“ஆடிப் பாப்போம்” என்றார் டீச்சர். மற்றவர்கள் வரும் முன் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் சீக்கிரம் போகிற வழக்கம் உள்ளவன், ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

டீச்சரின் குதிரைகள் கோமதிநாயகத்தின் நாட்டுக்குள் வந்தன. அவர் சீட்டை வாங்கினார். டீச்சர் குதிரைகளை நேரே அவருடைய களஞ்சியத்துக்கு ஓட்டினார். மூன்று சுற்றும் அங்கேயே உட்கார வைத்து இருந்த நெல்லை எல்லாம் தின்னவிட்டு, கடைசி நேரத்தில் வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“இது அநியாயம் டீச்சர்.”

“அவகாசம் நீங்க குடுத்ததுதானே அண்ணாச்சி.”

அதற்கடுத்த ஞாயிறு, ‘படை உடனே மிக அருகில் உள்ள எல்லையைக் கடந்துவிட வேண்டும்’ என்று மாற்றிக்கொண்டு வந்தார்.

டீச்சர் யானைகளை மலைக் கணவாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கோமதிநாயகம் சீட்டைப் பிடுங்கினார். மிக அருகில் இருந்த எல்லை கணவாய்தான். அதைத் தாண்டிய இடம்தான் டீச்சர் ஆரம்பத்திலிருந்து போக நினைத்த இடம். இன்னும் இரண்டு சுற்று நடக்க வேண்டிய தூரத்தை கோமதிநாயகத்தின் விதியே ஒரே மூச்சில் கடத்திவிட்டது.

“ரொம்ப நன்றி” என்றார் டீச்சர். நான் சிரித்துவிட்டேன். கோமதிநாயகம் என்னை முறைத்தார்.

மூன்றாவது ஞாயிறு, ‘வந்த வழியே திரும்ப வேண்டும்.’

இந்தத் தடவை டீச்சர் என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். கோமதிநாயகத்தின் படை என் நாட்டைக் கடந்து டீச்சரின் நாட்டுக்குள் போனது. டீச்சர் சீட்டைத் திரும்ப வாங்கினார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் என் சீட்டை வாங்கிவிட்டேன்.

“வந்த வழி இப்ப இல்லையே அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

கோமதிநாயகம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நான்கு யானைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. பார்க்கப் பாவமாக இருந்தது. நான் யானைகளைச் சொல்லவில்லை.

இந்த மூன்று ஞாயிறும் சகாயம் வந்தார். பஸ்ஸில் வந்தார். மேசையின் மறுமுனையில் உட்கார்ந்தார். கோமதிநாயகம் இருக்கும் திசையே இல்லை என்பதுபோல ஜன்னலையே பார்த்தார். கோமதிநாயகம் எந்த நாட்டை ஆடினாலும் யாரும் அவருக்கு வழிச்சீட்டு கொடுக்கவில்லை. பலகையில் அவர் படை வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

நான்காவது ஞாயிறு அவர் நான்கு பக்கம் டைப் அடித்துக்கொண்டு வந்தார். பிரிவு, உட்பிரிவு, விலக்கு, விலக்குக்கு விலக்கு. டீச்சர் ஒரு வரியைக்கூடத் தாண்டாமல் படித்தார். நடுவில் ஒருமுறை முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்த்துக்கொண்டார்.

“நல்லா இருக்கு அண்ணாச்சி. ஒரு ஓட்டையும் இல்ல.”

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. “அச்சடிச்சிரலாமா?”

“அடிச்சிரலாம். ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு சகாயம் அண்ணாச்சி உங்ககிட்ட என்ன கேட்டாரு?”

“விதி என்ன சொல்லுதுன்னு கேட்டான். வாசிச்சுக் காமிச்சேன்.”

“அப்படியா கேட்டாரு?”

கோர்ட்டில் முப்பது வருஷம் சொன்னதைச் சொன்னபடி எழுதிய மனுஷன். சகாயம் சொன்ன வார்த்தை அவருக்கு மறந்திருக்காது.

நான்கு பக்கத்தையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பின்னால் என்னிடம் சொன்னார்: “அன்னைக்குச் சாத்தூர் போற வரைக்கும் ‘விடமாட்டியா’ங்கிற அந்தக் கேள்விதான்யா பின்சீட்டுல உக்காந்து வந்துச்சு.”

ஐந்தாவது ஞாயிறு.

நாடுகளைக் குலுக்கல் போட்டுத்தான் பிரிப்போம். டீச்சர் டப்பாவைக் குலுக்கினார். கோமதிநாயகத்துக்குச் சேரம். சகாயத்துக்குக் கொங்கு.

குலுக்கலில் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். டீச்சருக்காகச் செய்ய மாட்டேன்.

சேரத்தை ஆடுகிறவர் சும்மா இருந்தால் எங்கேயும் போக முடியாது. கோமதிநாயகம் ஆறு யானைகளை எல்லையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“சகாயம்” என்றார். “உறையூருக்குப் போகணும். வழிச்சீட்டு வேணும்.”

அந்தப் பங்குனி ஞாயிறுக்குப் பிறகு அவர் சகாயத்திடம் பேசிய முதல் பேச்சு அது.

சகாயம் ஜன்னலிலிருந்து திரும்பினார். மஞ்சள் அட்டையை எடுத்தார். உடனே கொடுத்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் கொடுத்தது ஏன் என்று எங்களுக்குப் புரிந்தது. கோமதிநாயகத்துக்கும் புரியாமல் இல்லை. உள்ளே போனால் என்ன நடக்கும் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் உள்ளே போனார்.

ஒரு கட்டம். இரண்டு கட்டம். நட்ட நடுப் பொட்டல். அன்று சகாயத்தின் யானைகள் நின்ற அதே இடம்.

சகாயம் சட்டைக் கையை மேலே ஏற்றினார். அவர் கை நீளுவதற்கு முன்பே கோமதிநாயகம் மஞ்சள் அட்டையை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து சகாயத்தின் முன்னால் வைத்தார்.

“என்னது?” என்றார் சகாயம்.

“உன் சீட்டு.”

“நான் கேக்கலையே.”

“தெரியும்.”

சகாயம் விதிப் புத்தகத்தை இழுத்தார். தொண்டையைக் கனைத்தார். கோமதிநாயகத்தின் கோர்ட்டுக் குரலை அப்படியே கொண்டுவந்து, பதினான்காம் விதியைத் தலைப்பிலிருந்து முற்றுப்புள்ளி வரை வாசித்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்ட குரல், பிசிறில்லாமல் வந்தது.

நாங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கோமதிநாயகம் மட்டும் தலையாட்டினார்.

முதல் சுற்று போனது. யானைகள் நின்றன.

பாண்டியத்தை ஆடிய நான் ஏதோ ஒரு குதிரையை எங்கேயோ நகர்த்தினேன். அதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்று போனது. கோமதிநாயகத்தின் முறை வந்தபோது அவர், “நகத்த ஒண்ணுமில்ல” என்றார். கை மடியில் இருந்தது. சட்டைப் பையில் அந்த நான்கு பக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தது. எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. சகாயத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சுற்று. இது முடிந்தால் ஆறு யானையும் பெட்டிக்குள்.

எல்லோரும் ஆடி முடித்தார்கள். கடைசி முறை சகாயத்துடையது. அவர் தன் காய் எதையும் தொடவில்லை. மேசை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்னால் குனிந்தார்.

“நாயகம்.”

“ம்.”

“நீ எங்க போகணும்னு சொன்ன?”

“உறையூருக்கு.”

சகாயம் கையை நீட்டி முதல் யானையைத் தூக்கினார். கோமதிநாயகத்தின் யானை. கொங்கின் பொட்டலைத் தாண்டி, களஞ்சியத்தைத் தாண்டி, கட்டம் கட்டமாக வைத்து எடுத்து, சோழ எல்லைக்கு அந்தப் பக்கம் உறையூர் வாசலில் நிறுத்தினார். திரும்ப வந்து இரண்டாவது யானையைத் தூக்கினார்.

மேசையில் எல்லாத் தலையும் டீச்சர் பக்கம் திரும்பியது.

மூன்றாம் விதி. அடுத்தவர் காயைத் தொட்டால் ஒரு சுற்று போச்சு. பதினான்காம் விதி. சீட்டு இல்லாத படை அடி எடுத்து வைக்கக் கூடாது. ஒரே கையில் இரண்டு விதியும் உடைந்துகொண்டிருந்தது. முதலாளியையே வாசலில் நிறுத்திய நடுவர் இருக்கும் மேசையில்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

சேலைத் தலைப்பின் நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணாடியைத் துடைத்தார். ஊதினார். மறு கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி முதல் கண்ணாடிக்கு வந்தார். அவ்வளவு அழுக்கு அதில் எங்கிருந்து வந்ததோ. ஆறாவது யானை எல்லை தாண்டி நிற்கும் வரை துடைத்தார்.

பிறகு போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

“ஆறு யானையும் உறையூர்ல நிக்குது” என்றார். “அடுத்து யாரு முறை?”

சோழத்தை ஆடியவர்கூட, தன் தலைநகர வாசலில் ஆறு யானை நிற்பதை மறந்துவிட்டார்.

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைத்துக்கொள்ளப் பார்க்கவும் இல்லை.

சகாயம் மஞ்சள் அட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம் நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்தார்.

“வண்டியில பெட்ரோல் இருக்கா?” என்றார்.